ஃபெஸ், மூன்று இரவு – கடிதம்

வணக்கம் சார்,

நான் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மதுரை. ஏப்ரலில் அம்மா இங்கே வருகிறார்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டு நானும் மனைவியும் ஒரு வியாழன் மாலை மொரோக்கோவின் ஃபெஸ் நகருக்குப் போய், ஞாயிறு இரவு திரும்புவதாக இருக்கிறோம். வெள்ளி ஃபெஸ், சனி ஷெஃப்ஷாவென், ஞாயிறு காலை மெக்னெஸும் வொலூபிலிஸும் என்று திட்டம் போட்டிருக்கிறேன். மராக்கெஷையும் சேர்க்க முடியுமா என்று மனைவி கேட்கிறாள். அம்மாவுக்கு 64 வயது, முட்டிவலி உண்டு, சுத்த சைவம். நீங்கள் இரண்டு முறை ஃபெஸ் போயிருப்பதாக எழுதியிருந்தீர்கள். என் திட்டம் சரிதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஊர் சுற்றுவதைப் பிறகு பேசுவோம், முதலில் அம்மாவின் விசாவைப் பாருங்கள். அவரிடம் இருப்பது ஒற்றை நுழைவு ஷெங்கன் விசா என்றால், மொரோக்கோவுக்குள் கால் வைத்த பிறகு ஜெர்மனிக்குத் திரும்ப வழி கிடையாது. பல நுழைவு விசாவாக இருக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மொரோக்கோ விசாவும் தனியாக வேண்டும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று இதற்கு முன்னால் பணம் கட்டிவிடாதீர்கள்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ஷெஃப்ஷாவெனை அடித்துவிடுங்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், நடுவில் நீலச் சுவர் முன்னால் நின்று படம். மராக்கெஷ் ரயிலில் ஏறக்குறைய ஏழு மணி நேரம், பேச்சே வேண்டாம். வொலூபிலிஸ் ரோமானிய இடிபாடுகள் எனக்கு ரொம்பப் பிடித்தவைதான். ஆனால் முட்டிவலிக்காரரை நிழலில்லாத கல்வெளியில் நடக்கவிட்டு, அங்கிருந்து நேரே விமானத்துக்கு ஓடுவது அவருக்குச் செய்கிற நல்ல காரியமாகத் தெரியவில்லை. மூன்று இரவும் ஃபெஸ்ஸிலேயே இருங்கள். அந்த ஊருக்கு அதுவே பற்றாது.

நீங்கள் பார்க்கப்போவது மூன்று ஊர்கள் ஒட்டிய ஊர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பெரிய நகரமாகிவிட்ட ஃபெஸ் எல் பாலி, 1276இல் மரீனிய அரசர்கள் கட்டிய ஃபெஸ் ஜ்தீத், 1912க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பிய புதுநகரம். 'புது ஃபெஸ்' என்ற பெயர் எழுநூறு வருடம் பழையது என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பார். விடுதிகள் புதுநகரத்தில் வசதியாக இருக்கும். இருந்தாலும் மதீனா என்று அழைக்கப்படும் பழைய நகரத்துக்குள், ரியாத் என்கிற பழங்கால வீட்டு விடுதி ஒன்றில் தங்குங்கள். நடுவில் முற்றம், சுற்றி அறைகள், தெருப் பக்கம் மொட்டைச் சுவர். அம்மாவுக்குத் தரைத்தள அறை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். அந்த வீடுகளின் படிகள் குறுகலானவை, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். மதீனாவுக்குள் கார் போகாது. பெட்டிகளைத் தள்ளுவண்டிக்காரர் கொண்டுவந்து தருவார், அதற்குச் சில்லறை திர்ஹம் கையில் இருக்கட்டும்.

உங்கள் திட்டத்தில் பெரிய ஓட்டை வெள்ளிக்கிழமைதான். நண்பகல் தொழுகைக்குப் பிறகு மதீனாவில் பாதிக் கடைக்கு மேல் அடைத்துவிடும், சந்துகள் வெறிச்சோடிவிடும். அதனால் வெள்ளியைச் சோம்பலாக வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வீட்டுக்கு வீடு கூஸ்கூஸ், அதாவது ஆவியில் வேகவைத்த கோதுமை ரவை, சமைக்கிற நாள், நீங்களும் அதையே சாப்பிடுங்கள். மாலை ஜ்னான் ஸ்பீல் பூங்காவில் அம்மா உட்காரட்டும். வெயில் தாழ்ந்ததும் டாக்சி பிடித்து வடக்குக் குன்றில் இருக்கும் மரீனியக் கல்லறைகளுக்குப் போங்கள். மொத்த ஊரும் ஒரு கிண்ணத்துக்குள் கொட்டியதுபோல் கீழே கிடக்கும். உள்ளூர் டாக்சி சிவப்பு நிறம், மூன்று பேருக்குமேல் ஏற்ற மாட்டார்கள். நீங்கள் சரியாக மூன்று பேர். மீட்டர் போடச் சொல்லுங்கள்.

அந்தக் கிண்ணம்தான் ஃபெஸ்ஸைப் புரிந்துகொள்ளும் வழி. மேலே பாப் பூ ஜலூத் வாசல், 1913இல் கட்டியது, வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை. அதிலிருந்து இரண்டு தெருக்கள் கீழே இறங்குகின்றன. ஒன்று தலா கபீரா, இன்னொன்று தலா ஸ்கீரா. பெரிய ஏற்றம், சின்ன ஏற்றம் என்று பொருள். பெயர் வைத்தவர் கீழேயிருந்து மேலே பார்த்தபடி வைத்திருக்கிறார். நீங்கள் மேலேயிருந்து கீழே போங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீல வாசலில் தொடங்கி, பெரிய ஏற்றத்தில் இறங்கியபடியே நாள் முழுக்க நடந்து, அடியில் ரசீஃப் சதுக்கத்தில் வெளியே வந்தால் டாக்சி கிடைக்கும். அம்மா ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் பயணத்தில் தினமும் மாலை மூச்சிரைக்க ஏறியே திரும்பினேன்.

வழி தவறும். கைப்பேசி வரைபடம் உயரச் சுவர்களுக்கு நடுவில் குழம்பிவிடும். தவறினால் இறக்கத்திலேயே போய் ரசீஃப் எங்கே என்று கடைக்காரரிடம் கேளுங்கள், தெருவில் நிற்கும் பையன்களிடம் வேண்டாம். "அந்தப் பக்கம் அடைச்சிருக்கு" என்று ஒருவன் என்னை அரை மணி நேரம் சுற்றவைத்து, காசு வாங்கிக்கொண்டு விட்ட இடம் நான் கிளம்பிய மூலையிலிருந்து முப்பது அடி. கோபம் வரவில்லை, அவன் நடத்திய சந்துகள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அம்மாவோடு போகும்போது அந்த விளையாட்டு வேண்டாம். அரை நாளுக்கு அட்டை வைத்திருக்கும் வழிகாட்டி ஒருவரை ரியாதிலேயே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள், 'கடைகள் வேண்டாம்' என்றும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம், பின்னாலிருந்து "பாலக்!" என்று குரல் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். சமையல் எரிவாயு சிலிண்டர்களைக் கட்டித் தூக்கிக்கொண்டு கோவேறு கழுதை வருகிறது என்று அர்த்தம். அது நிற்காது.

தோல் பதனிடும் ஷுவாராவுக்குப் போகாமல் யாரும் திரும்புவதில்லை. தோல் கடைகளின் மொட்டைமாடியிலிருந்துதான் பார்க்க முடியும். படியேறும்போதே கையில் ஒரு கொத்துப் புதினா தருவார்கள், மூக்கில் வைத்துக்கொள்ள. கீழே தேன்கூடுபோல் கல் தொட்டிகள். வெள்ளைத் தொட்டிகளில் சுண்ணாம்பு, மாட்டு மூத்திரம், புறா எச்சம். புறா எச்சம்தான் தோலை இளக்குகிறது. அதற்கப்பால் சாயத் தொட்டிகள். ஆட்கள் இடுப்பளவு இறங்கி நின்று காலால் மிதிக்கிறார்கள். நான் பார்த்தபோது ஒருவர் மேலேறி வந்து தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே வெள்ளையாகச் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. அவர் நிமிர்ந்து மாடியைப் பார்த்தார், மாடி முழுக்கக் கைப்பேசிகள். நான் என்னுடையதைப் பைக்குள் போட்டேன். பத்து நிமிடம் போதும் அங்கே. இந்தப் படியேற்றத்தை அம்மாவுக்கு வைக்காமல், உங்களில் ஒருவர் அவரோடு கீழே இருங்கள்.

அதற்குப் பதில் அவரை ஸஃபாரீன் சதுக்கத்தில் உட்காரவையுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் தட்டுபவர்களின் இடம். மூலையில் தேநீர்க்கடை, நடுவில் ஒரு மரம். நான்கைந்து பேர் கல்யாண அண்டா அளவுக்குக் குண்டான்களை மடியில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் ஐந்து நிமிடம் வெறும் சத்தம். பிறகு ஒருவருடைய அடிக்கு இன்னொருவர் இடைவெளி விட்டுத் தட்டுவது காதுக்குப் பிடிபடும். வீட்டில் பித்தளைப் பாத்திரம் புழங்கிய தலைமுறைக்கு அந்த இடத்தை விளக்கவே வேண்டாம்.

பக்கத்திலேயே கரவிய்யீன் பள்ளிவாசல். துனிசியாவின் கைரவானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி 859இல் தொடங்கிவைத்தார் என்பது மரபு. உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று வழிகாட்டி அடித்துச் சொல்வார். பல்கலைக்கழகம் என்ற சொல் அதற்குப் பொருந்துமா என்று அறிஞர்கள் சண்டை போடுகிறார்கள், நீங்கள் தலையாட்டுங்கள். முஸ்லிம் அல்லாதவர் உள்ளே போக முடியாது, வாசலில் நின்று முற்றத்தைப் பார்க்கலாம். பூ இனானியா, அத்தாரீன் மதரஸாக்களுக்குள் எல்லோரும் போகலாம். ஓடு, சுதை, தேவதாரு மரம் என்று கீழிருந்து மேலே மூன்று அடுக்காக வேலைப்பாடு போகும்.

பூ இனானியாவில் கொஞ்சம் நேரம் நில்லுங்கள், அதில் உங்கள் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. 1350களில் அதைக் கட்டிய சுல்தான் அபூ இனான்தான், ஊரூராகச் சுற்றித் திரும்பிய இப்னு பதூதாவின் பயணங்களை எழுதிவைக்க ஆணையிட்டவர். தாஞ்சியர்க்காரரான பதூதா சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதினார், 1355 டிசம்பரில் நூல் முடிந்தது. அதில் மதுரை வருகிறது. அப்போதைய மதுரை சுல்தான் கியாசுத்தீன் தம்கானி, பதூதாவுக்குச் சகலை. அக்கா தங்கையை ஆளுக்கு ஒருவராகக் கட்டியிருந்தார்கள். சகலை என்று பார்க்காமல் தம்கானியின் கொடுமைகளைப் பதூதா விவரமாகவே சொல்லியிருக்கிறார். மதுரையில் கொள்ளைநோய், இவருக்கும் காய்ச்சல். அங்கே தாராளமாகக் கிடைத்த புளியில் ஒரு ராத்தல் அளவுக்கு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு போய், குணமாகிவிட்டதாம்.

அம்மா சுத்த சைவம் என்றீர்கள், சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் முஸம்மன் கிடைக்கும், சதுரமாக மடித்த வீச்சுப் பரோட்டா என்று அம்மாவிடம் சொல்லுங்கள். காய்ந்த பெரிய அவரைப் பருப்பைக் கடைந்து, ஆலிவ் எண்ணெயும் சீரகத்தூளும் தூவித் தரும் பிஸ்ஸாரா சந்துக் கடைகளில் மலிவு. ஸஅலூக் என்கிற கத்தரிக்காய் மசியலும் உண்டு. 'காய்கறி கூஸ்கூஸ்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், காய் பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் வேகும். ஹரீரா சூப்பும் அப்படித்தான். வெள்ளிக்கிழமைக் கூஸ்கூஸை இறைச்சிச் சாறில்லாமல் செய்துதர ரியாதில் முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

அம்மா எப்படியும் பெட்டிக்குள் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் வைத்திருப்பார். வெளியே எடுத்துவிடாதீர்கள். எதற்கும் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் அதைத் திரவம் என்பார்கள்.