காவல் நொதிகளை மாத்திரையால் தூண்டலாமா?

கேள்வி: வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளால் பெரிய பலனில்லை என்கிறார்கள். அதற்குப் பதில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நொதிகளை உடம்பே கூடுதலாக உண்டாக்கும்படி மருந்தால் தூண்ட முடியுமா? ப்ராக்கோலி சாப்பிட்டாலே போதுமா?

பதில்: முடியும். அப்படிப்பட்ட மருந்துகள் புழக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவை குறிப்பிட்ட நோய்களுக்கானவை. 'எதற்கும் இருக்கட்டும்' என்று போட்டுக்கொள்ளும் சத்து மாத்திரைகள் அல்ல.

நம் செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் உண்டு. கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து, உருவாக உருவாக அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கீப்1-இல் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் மருந்து போய் ஒட்டினால் பிடி தளரும். தப்பிய என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் நுழைந்து, குளூட்டத்தயோன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானைத் தயாரிக்கும் நொதிகள், ஹீம் ஆக்சிஜனேஸ்-1 முதலிய காவல் நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடும்.

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய்க்குத் தரப்படும் டைமெத்தில் ஃபியூமரேட் இந்தப் பாதையைத் தூண்டுவது. முதல் 7 நாள் 120 மி.கி., பிறகு 240 மி.கி.; தினம் இரு வேளை. முகம் சிவந்து தகிக்கும், வயிறு பிரட்டும். சாப்பாட்டோடு போட்டால் தகிப்பு குறையும். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சரிவதுதான் பெரிய கவலை. அதனால் தொடங்குமுன்னும், பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியிலும் ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஃப்ரீட்ரிக் அடாக்சியா என்ற பரம்பரை நரம்பு நோய்க்கு 2023-இல் அமெரிக்கா அனுமதித்த, இதே பாதையைத் தூண்டும் ஓமாவெலாக்சலோனை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். கல்லீரல் நொதிகளை முதல் 3 மாதம் மாதாமாதம் பார்க்க வேண்டும்.

ஓமாவெலாக்சலோனின் நெருங்கிய உறவான பார்டாக்சலோன் மெத்தில் கதையை மறக்கக் கூடாது. சர்க்கரை நோயோடு முற்றிய சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு, இதயச் செயலிழப்பு கூடியதால் 2012-இல் நிறுத்தப்பட்டது. இன்னொன்று: சில நுரையீரல் புற்றுகளில் கீப்1 பழுதாகி, என்ஆர்எஃப்2 ஓயாமல் இயங்கும். அதே கவசம் புற்றுச் செல்லைச் சிகிச்சையிலிருந்து காப்பாற்றும்! புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல், என்ஆர்எஃப்2-வைத் தூண்டும் ப்ராக்கோலிப் பொருளான சல்ஃபோராஃபேன் மாத்திரை வாங்கவே வேண்டாம்.

ப்ராக்கோலியை உணவாகத் தாராளமாகச் சாப்பிடலாம். மருந்தின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதில் சல்ஃபோராஃபேன் தயாராக இருப்பதில்லை. நறுக்கும்போது மைரோசினேஸ் நொதி கலந்துதான் உண்டாகிறது. நறுக்கியதும் கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும். பொடியாக நறுக்கி 40 நிமிடம் வைத்துவிட்டு, பிறகு சமையுங்கள். நேரமில்லையா? வெந்து இறக்கிய 200 கிராம் காய்க்கு 1 கிராம் பச்சைக் கடுகைப் பொடித்துத் தூவுங்கள். கடுகிலும் அந்த நொதி இருக்கிறது. தாளித்த கடுகு உதவாது. எண்ணெய்ச் சூட்டில் நொதி போய்விடும்.