முதல் தடவை ஏரி ஸ்டர்ஜன் (வட அமெரிக்காவின் பெரிய நன்னீர் மீன்) பிடிக்கப் போகிறேன், எங்கே, எப்போது போகலாம்?

அமெரிக்காவின் மினசோட்டாவுக்கும் கனடாவின் ஒன்டாரியோவுக்கும் எல்லையாக ஓடும் ரெய்னி ஆற்றுக்குப் போங்கள், போடெட் ஊரில் தங்கலாம். மே பாதியிலிருந்து ஜூன் முடியும் வரை மினசோட்டா பக்கம் தடை. ஏப்ரலில் பனி உருகியதும் போவதுதான் என் விருப்பம், குளிரும், ஆனால் மீன் நன்றாக எடுக்கும். லைசென்ஸ் முதலிலேயே வாங்கிவிடுங்கள், மீனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அதற்கென்று தனி டேக் (அனுமதிச் சீட்டு) வேண்டும், அதுவும் வருஷத்துக்கு ஒன்றுதான்.

ஸ்டர்ஜனுக்குப் பல் கிடையாது. மூக்குக்குக் கீழே தொங்கும் நாலு மீசையால் தரையைத் தடவிக்கொண்டே வந்து, வாயைக் குழல் மாதிரி நீட்டி இரையை உறிஞ்சும். அதனால் தூண்டில் தரையிலேயே கிடக்க வேண்டும்: ஆழமான மடுவில் நங்கூரம் போட்டு, ஒரே முள்ளில் மூன்று நாலு மண்புழுவைக் கொத்தாகக் கோத்து, நீரோட்டம் இழுக்காத அளவுக்குக் கனமான ஈயக்குண்டோடு இறக்குங்கள். கம்பின் நுனி லேசாகத்தான் துடிக்கும், ஏதோ சின்ன மீன் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று, செவுளில் கை விட்டுச் செங்குத்தாகத் தூக்கவே கூடாது, மீனுக்கு அடிபடும். ஒன்று செத்தாலும் ஈடுகட்டுவது கஷ்டம், ஏனென்றால் பெண் மீன் முதல் முட்டை போடவே இருபது வருஷத்துக்கு மேல் ஆகும். வயிற்றைத் தாங்கிப் பிடித்து, சட்டென ஒரு படம் எடுத்துத் தண்ணீரில் விடுங்கள்.