பாயில் பிடித்த மழையும் தகரத்தில் பிடித்த மழையும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கிறேன். என் மகன் காலியில் படகு திருத்தும் வேலை செய்கிறான். அங்கே பாய்மரப் படகொன்றில் வந்திறங்கிய வெளிநாட்டுத் தம்பதியர், மாதக்கணக்கில் மழைத் தண்ணீரையே பிடித்துக் குடித்ததாகவும் அதிலேயே சமைத்ததாகவும் அவனிடம் சொன்னார்களாம். நடுக்கடலில் இது எப்படிச் சாத்தியம்? எங்கள் லயத்திலோ (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) வருடத்தில் பாதி நாள் மழை. ஆனால் மாசி, பங்குனி வந்தால் பீலியில் வந்து விழும் மலைநீர் நூலாகிவிடுகிறது. அவர்கள் செய்வதை நாங்களும் செய்ய முடியாதா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். உங்கள் மகன் கேட்டது கட்டுக்கதையல்ல. கடலோடிகள் நெடுங்காலமாகச் செய்துவரும் காரியம் அது. ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர் கிடைக்கும் என்ற ஒரே கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். படகின் மேற்தளத்தில் வெயிலுக்காகக் கட்டும் துணிக்கூரை மூன்று மீற்றர் அகலமும் நான்கு மீற்றர் நீளமும் உடையது என்று கொள்வோம். பத்து மில்லிமீற்றர் மழையில் அதன்மேல் விழுவது 120 லீற்றர். காற்றிலும் படகின் ஆட்டத்திலும் பாதி சிந்திப்போனாலும் 60 லீற்றர் மிஞ்சும். பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுக்கும் இருவர், நாளொன்றுக்குப் பத்து லீற்றருக்குள் சமாளித்துவிடுவார்கள் என்பதால், அந்த ஒரு மழை அவர்களுக்கு ஒரு வாரத்துத் தண்ணீராகும். கடல்நீரின் உப்பை அகற்றும் இயந்திரம் இப்போது பல படகுகளில் உண்டு. ஆனால் அதற்கு மின்சாரமும் உதிரிப்பாகமும் வேண்டும். அது பழுதடைந்தால் நடுக்கடலில் கடை ஏது? ஆகவே, இயந்திரம் உள்ளவர்களும் மழை பிடிக்கும் துணியைக் கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருப்பார்கள்.

பிடிக்கும் முறைகள் பல. துணிக்கூரையை நடுவில் சற்றுத் தொய்யவிட்டு, தாழ்ந்த இடத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது ஒன்று. பெரிய பாயின் அடியைத் தாங்கும் குறுக்குக்கட்டையின் பின்நுனியை உயர்த்திக் கட்டுவது மற்றொன்று. பாயில் விழும் மழை அடிமடிப்பு வழியே பாய்மரத்தின் பக்கம் ஓடிவர, அங்கே தொங்கும் வாளி நிறையும். மேற்தளத்தையே கூரையாக்கிக்கொள்வோரும் உண்டு. தண்ணீர்த் தாங்கியின் வாய் மேற்தளத்தில் இருக்குமானால், அதற்குச் சற்றுக் கீழ்ப்புறமாக ஈரத்துணியைச் சுருட்டி அணைபோல வைத்து, மூடியைத் திறந்துவிடுவார்கள். அலை தெறிக்காத அமைதியான மழையில்தான் இது சரிவரும். 1968 ஜூனில் இங்கிலாந்திலிருந்து தனியாகப் புறப்பட்டு, எந்தத் துறைமுகத்திலும் தங்காமல் 312 நாட்களில் உலகைச் சுற்றிவந்த ரொபின் நொக்ஸ்-ஜோன்ஸ்டன், தாங்கியில் இருந்த தண்ணீர் கெட்டுப்போனபின் பாயில் பிடித்த மழையைக் கொண்டே பயணத்தைத் தொடர்ந்தார். சுஹைலி என்ற அவருடைய அந்தத் தேக்குமரப் படகு நம் அயலிலுள்ள மும்பையில் கட்டப்பட்டது.

ஆனால் பிடிப்பது அல்ல, விடுவதுதான் இதில் முக்கியமான வேலை. கடலில் பாயும் கயிறும் மேற்தளமும் எந்நேரமும் உப்புப் படிந்தே இருக்கும். மழை தொடங்கியதும் ஓடிவரும் தண்ணீர் அந்த உப்பையும் தூசியையும் பறவை எச்சத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால், சிறிதளவு கலந்தாலே தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிடும். எனவே குழாயைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே பிடித்தபடி, ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை நுனிவிரலை நனைத்து நாவில் வைத்துப் பார்ப்பார்கள். கரிப்பு முற்றாக நீங்கிய பின்னரே குழாய் உள்ளே போகும். அப்போதுகூடப் புதுத் தண்ணீரை நேரே பெரிய தாங்கியில் சேர்க்காமல், தனிக் கலன்களில் ஒருநாள் வைத்துப் பார்த்து ஊற்றுவதே அனுபவசாலிகளின் வழக்கம். ஒரு வாளிக் கெட்ட நீர், தாங்கி நிறைந்த நல்ல நீரையும் கெடுத்துவிடும் அல்லவா?

இதை வாசித்தறிந்தபோது எனக்கு என் அம்மாவின் கைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் லயத்தின் தகரத்தில் விறகுப் புகையின் கரி அப்பியிருக்கும். மழை இறங்கியதும் நாங்கள் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், அம்மா தடுத்துவிடுவார். தகர நுனியிலிருந்து விழும் தாரையின் கீழே உள்ளங்கையைக் குவித்து நீட்டுவார். முதலில் தேயிலைச் சாயம்போல ஒரு நிறம், பிறகு மங்கிய மஞ்சள், பிறகு கைரேகை தெரியும் தெளிவு. ரேகை தெரிந்த பின்னர்தான் அண்டாவை வைக்கச் சொல்வார். கடலோடி நாவால் பார்ப்பதை அவர் கண்ணால் பார்த்தார். கடலையே காணாதவர் அவர்.

இனி உங்கள் லயத்துக்கு வருவோம். ஒரு வீட்டுக்குரிய கூரைப்பரப்பு 20 சதுர மீற்றர் என்று வைத்துக்கொண்டால், பத்து மில்லிமீற்றர் மழையில் 200 லீற்றர் விழும். தெறிப்பும் கசிவும் போக 160 லீற்றர் கையில் நிற்கும். படகுக்காரருக்கு எட்டாத வசதி இது, ஏனெனில் உங்கள் கூரை ஆடுவதில்லை. கூரை விளிம்பில் தகரப் பீலி ஒன்றைச் சற்றுச் சாய்வாகப் பொருத்துங்கள். (யாழ்ப்பாணத்தில் பீலி என்றால் கூரையோர வாய்க்கால், மலையகத்தில் நாம் குளிக்கும் பீலி மலைநீர் வந்து விழும் இடம். ஓடும் தண்ணீருக்கு வழிகாட்டுவது இரண்டுக்கும் பொது.) அதிலிருந்து இறங்கும் குழாயில், தாங்கிக்குப் பிரியும் இடத்துக்குக் கீழே, நான்கு அங்குலப் பிளாஸ்டிக் குழாய் இரண்டு மீற்றர் நீளத்துக்கு நிமிர்ந்து நிற்கட்டும், அதன் அடியைத் திருகு மூடியால் மூடுங்கள். முதலில் வரும் சுமார் 16 லீற்றர் அழுக்கு நீர் அதற்குள் தங்கிவிட, அது நிறைந்த பின் வருவது மட்டுமே தாங்கிக்குத் திரும்பும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் திருகைக் கழற்றி அதை வடித்துவிட வேண்டும். நீண்ட வெயிலுக்குப் பின் வரும் மழையென்றால், முதல் மழையை முழுவதுமாகவே விட்டுவிடுங்கள். தேயிலைக்கு மருந்து தெளிக்கும் நாட்களில் தாங்கிக்குச் செல்லும் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த மழை கூரையை நன்றாகக் கழுவிய பின் மீண்டும் பொருத்துங்கள். இதில் தயவு தாட்சண்யம் கூடாது.

தாங்கியின் அளவைத் தீர்மானிப்பது, அதை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதே. 1995 முதல் பதுளை மாவட்டத்தில் சமூக நீர்வழங்கல் திட்டமொன்றின் கீழ் வீடுகளுக்கு அறிமுகமான சீமெந்துத் தாங்கிகள் 5,000 லீற்றர் கொள்ளக்கூடியவை. ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளொன்றுக்கு 25 லீற்றர் எடுத்தால் அது 200 நாட்களுக்குக் காணும். குளிக்கவும் துவைக்கவும் சேர்த்து 150 லீற்றர் எடுத்தால் 33 நாளில் காலி. உங்கள் சரிவில் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை கொட்டுகிறது. அருகிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். ஆகவே உங்களுக்கு மழை போதாது என்ற கவலை இல்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் தாங்கியை நிரப்பி, மார்கழி பிறக்கும்போது முழுமையாக வைத்திருந்து, தை, மாசியில் கைவைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டுமே தேவை. ஊவாப் பக்கம் பசறை, பதுளையில் இருப்போருக்கு இந்த நாட்காட்டி பொருந்தாது. அவர்களுடைய பெருமழை வடகீழ்ப் பருவத்தில் வருவது, வறட்சி ஆனி முதல் ஆவணி வரை.

மூடியைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன். நான் பார்த்த ஒரு தாங்கியின் மூடி உடைந்து மாதக்கணக்காகியும் எவரும் மாற்றவில்லை; எட்டிப் பார்த்தபோது நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். டெங்கைப் பரப்பும் நுளம்பு இத்தகைய தேங்கிய நீரில்தான் முட்டையிடுகிறது. உள்ளே வரும் வாய், வழிந்தோடும் வாய் இரண்டிலும் நெருக்கமான கம்பிவலை கட்டுங்கள். தெளிந்த மழைநீரானாலும், குடிப்பதற்கு முன் நன்றாகக் கொதி வந்தபின் இன்னும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள்.

கேள்வி: தோட்டத்துக் களஞ்சியத்திலிருந்து கழித்துவிட்ட நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கின்றன. நன்றாகக் கழுவினால் மழைநீர் பிடிக்கலாமா? (கொட்டகலை வாசகி)

பதில்: கூடாது, அம்மா. களைநாசினியோ பூச்சிமருந்தோ இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும், பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு சிறிது சிறிதாகத் தண்ணீரில் இறங்கும். கொதிக்கவைத்தாலும் அது போகாது. பிடித்த தண்ணீரைத் துணி அலசவும் பயன்படுத்த வேண்டாம். எண்ணெயோ ஊறுகாயோ வந்த பீப்பாய் என்பது உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்கி, சவர்க்காரமும் சுடுநீரும் இட்டுத் தேய்த்து, வாடை போகும்வரை வெயிலில் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சம் ஊடுருவும் கலனில் பச்சைப் பாசி படரும் என்பதால், படகுக்காரர்கள் மேற்தளத்தில் வைக்கும் கலன்களைத் துணியால் போர்த்துவார்கள். நீங்கள் பழைய கொழுந்துப் படங்கு ஒன்றைச் சுற்றிக் கட்டினாலே போதும்.