மாமாங்கம் கோயில் அன்னதானத்துக்கும் ஒரு முதியோர் இல்லத்துக்கும் காசு கொடுத்தேன், வருமான வரியில் கழிக்கலாமா?

அன்னதானக் காசை மறந்துவிடுங்கள், அது புண்ணியக் கணக்கு. முதியோர் இல்லம் என்றால், அது வர்த்தமானியில் அங்கீகரிக்கப்பட்ட தரும நிறுவனமா என்று முதலில் கேளுங்கள், ஏனென்றால் மட்டக்களப்பில் நல்ல மனதோடு நடக்கிற எல்லா இல்லமும் அந்தப் பட்டியலில் இருக்காது. இருந்தாலும் காசாகக் கொடுத்ததுதான் கணக்கு, அரிசி மூட்டை சேராது. தனிநபருக்கு உச்சவரம்பு வரி விதிக்கத்தக்க வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 75,000 ரூபா, எது குறைவோ அது.

இன்னொன்று, இது வரியில் இல்லை, வருமானத்தில்தான் கழியும். நீங்கள் 6 வீத வரிப் படியில் இருந்தால், 1 லட்சம் கொடுத்தும் 75,000 ரூபாதான் கழியும், அதனால் வரியில் மிச்சமாவது 4,500 ரூபாதான். அரசாங்கத்துக்கோ மாநகர சபைக்கோ கொடுத்திருந்தால் இந்த உச்சவரம்பு கிடையாது. சரி, பற்றுச்சீட்டு வைத்திருக்கிறீர்களா?