பருகிய நோக்கும் க்ரோக்கும்

ஐயா, வணக்கம். சென்ற மாத நூலகச் சந்திப்பில் நீங்கள் குறிப்பிட்ட ராபர்ட் ஹைன்லைனின் ‘ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்’ நாவலைப் படித்து முடித்தேன். ‘க்ரோக்’ என்பதை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியின் பெயராக மட்டுமே அறிந்திருந்தேன். அது 1961இல் வெளிவந்த ஒரு நாவலில் செவ்வாய்க்கிரகத்தவரின் சொல்லாகப் பிறந்தது என்பது வியப்பளித்தது. சில பக்கங்களைத் தமிழாக்க முயன்று இந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். ‘முழுதுணர்தல்’ என்று எழுதினேன், மனம் ஒப்பவில்லை. தமிழில் இதற்கு நிகரான சொல் உண்டா?
சிங்கப்பூர் தோ பாயோவிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மனம் ஒப்பாததில் வியப்பில்லை. ‘முழுதுணர்தல்’ தத்துவ நூலின் வாடை அடிக்கும் சொல். நாவலின் நாயகன் மைக்கேல் ஸ்மித்தின் வாயில் அது ஒட்டாது. செவ்வாய்க்குச் சென்ற முதல் குழுவினருக்குப் பிறந்து, அவர்கள் அனைவரும் இறந்தபின் அங்குள்ளவர்களால் வளர்க்கப்பட்டு, வாலிபனான பிறகே பூமிக்குக் கொண்டுவரப்படும் அவனுக்கு உடல் மட்டுமே நம்முடையது. வினைச்சொற்கள் எல்லாம் செவ்வாயில் கற்றவை. மருத்துவமனையில் தாதி ஜில் அவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுக்கும் காட்சியை மீண்டும் பாருங்கள். அவளுக்கு அது நாள்தோறும் செய்யும் வேலை. தண்ணீர் அரிதான கோளிலிருந்து வந்த அவனுக்கோ, ஒரே நீரைப் பகிர்ந்தவர்கள் உயிருள்ளவரை உடன்பிறப்புகள். க்ரோக் என்பதன் நேர்ப்பொருள் ‘குடித்தல்’ என்று மொழியறிஞர் மஹ்மூத் பின்னால் விளக்குவது அந்தக் குவளையிலிருந்துதான் வருகிறது.

சொல்லுக்குச் சொல் தெரிந்தும் பொருள் தெரியாத நிலையை நானும் ஒருமுறை அனுபவித்திருக்கிறேன். கம்பத்தில் (பழைய கிராமக் குடியிருப்பில்) வாழ்ந்த காலத்தில், என் பெற்றோர் வேலைக்குப் போன பகல்களில் அடுத்த வீட்டு மலாய்ப் பாட்டிதான் என்னைப் பார்த்துக்கொண்டார். ஒரு மாலை ‘மாக்கான் அஙின்’ போகலாம் என்று கிளப்பினார். மாக்கான் என்றால் சாப்பிடுவது, அஙின் என்றால் காற்று என்ற அளவுக்கு எனக்கு மலாய் தெரியும் என்பதால், கடற்கரைக்குப் போனதும் வாயை அகலத் திறந்துகொண்டு நின்றேன். பாட்டி சிரித்துச் சிரித்துத் தோள்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்று வாங்கப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. நாலைந்து மாலைகள் போய்வந்தபின் தானாக விளங்கிற்று. (காற்றை நாம் வாங்குகிறோம், அவர்கள் தின்கிறார்கள். செவ்வாய்க்காரனுக்கு இரண்டும் ஒரே அளவு விசித்திரமாகத்தான் இருக்கும்.)

உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடித்தலை அறிதலாக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. மிதிலையில் இராமனும் சீதையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் கம்பர் ‘பருகிய நோக்கு எனும் பாசத்தால் பிணித்து’ என்று தொடங்கி, ‘இருவரும் மாறிப் புக்கு இதயம் எய்தினார்’ என்று முடிக்கிறார். பார்ப்பவர் பார்க்கப்படுபவருக்குள் புகுந்துவிடுவது என்று மஹ்மூத் பல வாக்கியங்களில் விளக்கப் பாடுபடுவது ஏறக்குறைய இதைத்தான்.

ஆயினும் ‘பருகுதல்’ என்று எழுதிவிடாதீர்கள். பருகுதலில் விருப்பம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வெறுப்பவனை யாரும் கண்ணால் பருகுவதில்லை. க்ரோக்கிலோ வெறுப்பும் அடக்கம். பகைவனை முற்றும் அறிந்து அவனோடு ஒன்றானால்தான் அவனை வெறுக்கவும் முடியும் என்பது மஹ்மூத்தின் வாதம். ஜில்லை ஒருவன் அடிக்கும்போது ஸ்மித் அவனிடம் ‘தவறு’ இருப்பதை உணர்ந்து, கோபமே இல்லாமல் அவனை இல்லாமலாக்கிவிடுகிறான். நாவலில் என்னை உண்மையாகவே அச்சுறுத்திய பக்கங்கள் அவை. பிற்பகுதியின் நீண்ட பிரசங்கங்களைவிட, பெண்களைப் பற்றி இன்று படிக்கக் கூசும் சில உரையாடல்களைவிட, நாவலைத் தாங்குபவை அவையே. அங்கே ‘பருகினான்’ என்று போட்டால் காட்சி கெட்டுவிடும்.

ஆகவே க்ரோக்கை க்ரோக்காகவே விட்டுவிடுங்கள். ஹைன்லைனும் அதைத்தான் செய்கிறார்: சொல்லை முதலில் விளக்கமின்றிப் புழங்கவிட்டு, வாசகர் பழகியபிறகே மஹ்மூத்தைப் பேசவைக்கிறார். அடிக்குறிப்பு போடாதீர்கள். மஹ்மூத் பேசும் இடத்தில் மட்டும், ‘குடித்தல்’ என்ற எளிய சொல்லுக்குப் பதிலாகக் கம்பரின் ‘பருகுதலை’ வைத்துப் பார்க்கலாம். அங்கே அது விளக்கமாக வருவதால் பொருந்தும்.

தலைப்பையும் நீங்கள் பெயர்க்க வேண்டியிருக்கும். அது யாத்திராகமத்தில் மோசே சொல்வது. தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் ‘பரதேசி’ என்ற சொல் இருக்கிறது. இன்று வசவாகிவிட்டாலும், அயல் நிலத்தான் என்னும் பழைய பொருளில் எனக்கு அது பிடித்திருக்கிறது. எந்தப் பதிப்பை வைத்து மொழிபெயர்க்கிறீர்கள் என்று எழுதவில்லையே? 1961இல் வந்தது பதிப்பாளருக்காகச் சுருக்கப்பட்டது. முழு வடிவம் ஹைன்லைன் மறைந்தபின் 1991இல் வெளிவந்தது. நான் சுருக்கிய பதிப்பையே எடுத்துக்கொள்வேன். அந்தத் தண்ணீர்க் குவளைப் பக்கத்தை முடித்ததும் அனுப்பிவையுங்கள்.