மூன்று பேருக்கும் ஜனவரி 1-ல் பிறந்தநாளா?

கேள்வி: அமெரிக்காவில், மினியாபொலிஸில் குடியேற்ற வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். கட்சிக்காரர்களில் பலர் சோமாலியர்கள். நேற்று வந்த குடும்பத்தில் தாத்தா, தகப்பன், தாய் மூவருக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. தகப்பனுக்கும் மகனுக்கும் கடைசிப் பெயர் வேறு. கோப்பைப் பார்க்கிறவர்கள் பொய் என்றுதானே நினைப்பார்கள்?

பதில்: விளக்கம் இல்லாமல் விட்டால் நினைப்பார்கள். பிறந்தநாள் சங்கதி சுலபமானது. 1991-ல் சோமாலியாவில் அரசு கவிழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டபின், பிறப்புச் சான்று இல்லாமலே பலர் கென்யாவின் ததாப் போன்ற முகாம்களுக்குப் போனார்கள். எந்த மழைக்காலத்தில் பிறந்தோம் என்பது வீட்டில் தெரியும், தேதி தெரியாது. படிவத்தை நிரப்பியவர் ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்.

பெயர் விஷயம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இனிஷியலோடு வளர்ந்தவர்கள்தானே. தன் பெயர், தகப்பன் பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். தகப்பன் அப்தி ஹசன் அலி என்றால் மகன் யூசுஃப் அப்தி ஹசன். அமெரிக்கப் படிவத்தில் ஒருவர் ‘அலி’, இன்னொருவர் ‘ஹசன்’. மனைவி கல்யாணத்துக்குப் பின்னும் பெயரை மாற்றுவதில்லை. எழுத்திலும் வம்பு உண்டு: 1972-ல் சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை ஏற்றபோது தொண்டையிலிருந்து வரும் அழுத்தமான ‘ஹ’ ஒலிக்கு எக்ஸ், அரபு ‘ஐன்’ ஒலிக்கு சி என்று வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரு தாளில் அலி, இன்னொன்றில் ‘காலி’ என்று வாசிக்கும்படி சியில் தொடங்கும் அலி. வேறுபாட்டை மறைக்கவோ நீங்களாகத் திருத்தவோ வேண்டாம். எந்தத் தாளில் எப்படி இருக்கிறது, ஏன் என்று உறுதிமொழிப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அதிகம் சிக்கல் தருவது இதுதான். ‘ஹேர்’ என்பது சோமாலியரின் மரபுச் சட்டம். சண்டையோ கொலையோ, இரு தரப்புப் பெரியவர்களும் மரத்தடியில் உட்கார்ந்து பேசி, ‘மக்’ என்ற ஈட்டுத்தொகையை முடிவு செய்வார்கள். ஓர் ஆணின் உயிருக்கு 100 ஒட்டகம் என்பது பழைய கணக்கு. அதைத் தனியாள் அல்ல, உறவினர் குழுவே சேர்ந்து கட்டும். அதனால் அடிதடி வழக்கில் மாட்டியவர், “பெரியவங்க பேசி முடிச்சாச்சு” என்று நிம்மதியாக இருப்பார். இங்கே வழக்கை நடத்துவது அரசு; புகார் கொடுத்தவர் மன்னித்தாலும் வழக்கு தானாக நின்றுவிடாது. தொடர்புகொள்ளக் கூடாது என்ற உத்தரவு இருக்கும்போது சமாதானம் பேசப் போனால் அதுவே புதுக் குற்றம். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் மொழிபெயர்ப்பாளர். ‘சோமாலி’ என்று மட்டும் கேட்டு ஏற்பாடு செய்யாதீர்கள். தெற்கே ஜூபா, ஷபெல்லே ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்காரர்கள் பலர் பேசுவது ‘மாய்’ என்ற வேறு பேச்சு. பொதுச் சோமாலி பேசுகிறவருக்கு அது பிடிபடாமல் போகலாம். கட்சிக்காரர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், நீங்கள் புரிந்தது என்று எழுதிவிடுவீர்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். குலத்தைப் பேச்சுவாக்கில் விசாரிக்காதீர்கள்; தஞ்சம் கேட்கும் வழக்கில் அதுவே ஆதாரமாக இருந்தால், ஏன் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். வந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் முன்னால் பேசச் சம்மதமா என்பதையும் அதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பெண்களிடம் கணவரோ மைத்துனரோ கூட இருக்கும்போது மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தாதீர்கள், தனியாகவும் கேளுங்கள்.