மீந்த பருத்தி நூலில் என்ன பின்னலாம்?

"பின்னல் கற்று இரண்டு மாதம்தான் ஆகிறது. பருத்தி நூல் 20 கிராம், 30 கிராம் என்று துண்டு துண்டாக மிச்சம் கிடக்கிறது. வீட்டுக்கு உதவுகிற மாதிரி எதைப் பின்னலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாத்திரம் துடைக்கிற துணி. முதலில் அதைப் பின்னுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

மிச்ச நூலில் பெரிய தலைவலி, பாதியில் நூல் தீர்ந்துபோவதுதான். ஊசியில் 40 கண்ணி (நூல் வளையம்) ஏற்றி நேராகப் பின்ன ஆரம்பித்தால், சதுரம் முடியுமா, முக்காலில் நின்றுவிடுமா என்று கடைசிவரை தெரியாது. அதனால் நான் மூலையிலிருந்து தொடங்குவேன். 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை நிட், அதாவது சாதாரண நேர்ப்பின்னல். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் முதல் 2 கண்ணியை நிட் செய்து, நூலை ஊசிமேல் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு மிச்சத்தை நிட் செய்யுங்கள். வரிசைக்கு ஒரு கண்ணி கூடி, துணி முக்கோணமாக விரியும்.

எங்கே நிறுத்துவது? சமையலறைத் தராசைக் கேளுங்கள். நூல் 30 கிராம் என்றால், 14 கிராம் செலவானதும் திரும்பிவிட வேண்டும். சரிபாதிவரை போகாதீர்கள், முடிச்சுக்கும் வாலுக்கும் கொஞ்சம் வேண்டும். திரும்பிய பிறகு ஒவ்வொரு வரிசையிலும்: 1 நிட், 2 கண்ணி சேர்த்து ஒன்றாக, ஒரு சுற்று, மறுபடி 2 சேர்த்து ஒன்றாக, மிச்சம் நிட். வரிசைக்கு ஒன்று குறையும். 4 கண்ணி மிஞ்சும்போது முடித்துவிடுங்கள். 30 கிராமுக்கு ஏறக்குறைய ஒரு சாண் சதுரம் வரும். 12 கிராம்தான் இருக்கிறதா? அதே கணக்கில் டம்ளருக்கு அடியில் வைக்கிற துண்டு வந்துவிடும். பர்ல், அதாவது மறுபக்கப் பின்னல், தேவையே இல்லை. எல்லா வரிசையும் நிட் என்பதால் ஓரமும் சுருண்டுகொள்ளாது.

என் நூல் கடையில் வாங்கியதல்ல. நாங்கள் இருப்பது சென்னிமலைப் பக்கம், சுற்றிலும் போர்வைத் தறிகள். நூல் சுற்றி வருகிற கோனின் அடியில் மிஞ்சுவதைக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தறிநூல் மெல்லியது. ஒரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் நூலில் 840 கஜச் சிட்டம் (நூல் கட்டு) எத்தனை வருகிறதோ அதுதான் அந்த நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 10ஸ், அதாவது 10ஆம் நம்பர் நூல் என்றால் 7 இழை சேர்த்து ஒன்றாகச் சுற்றி, 4 மி.மீ. ஊசியில் பின்னுகிறேன். 20ஸ் என்றால் 14 இழை வேண்டும், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இழைகளில் ஒன்று நழுவி வெளியே நிற்கும், கண் வைத்துக்கொள்ளுங்கள். சாயம் போகிற சிவப்பு, கருநீல நூலைத் தனியாக அலசிக் காயவைத்த பிறகு சேருங்கள். பருத்தி கம்பளிபோல இழுபடாது, விரல் வலிக்கும். மூங்கில் ஊசி கொஞ்சம் தேவலை.

அடுத்தது கரித்துணி. இரண்டு சதுரத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் போதும். அக்ரிலிக் நூலை மட்டும் இதில் கலக்காதீர்கள், சூட்டில் உருகிவிடும். பருத்தியும் காய்ந்திருந்தால்தான் காப்பாற்றும். போன வருடம் அவசரத்தில், பாத்திரம் துடைத்த ஈரத்தோடு அதே துணியால் கடாயைத் தூக்கினேன். ஈரம் வழியாகச் சூடு சட்டென்று ஏறி, இரண்டு விரலில் கொப்புளம். கடாயைக் கீழே போடாதது என் அதிர்ஷ்டம். அன்றிலிருந்து கரித்துணிக்கு ஒரே நிறம், துடைக்கிற துணிக்கு வேறு நிறம் என்று பிரித்துவிட்டேன்.

இன்னும் துக்கடா மிஞ்சினால், பானைக்கு அடியில் வைக்கிற பிரிமணை செய்யுங்கள். பழைய தேங்காய்நார்க் கயிற்றை வளையமாகச் சுற்றி, 6 கண்ணி அகலத்தில் நீளமாகப் பின்னிய பட்டையை அதன்மேல் சுற்றித் தைத்துவிடலாம். நிறம் மாறி மாறி வந்தாலும் பரவாயில்லை. என்னுடையதில் ஐந்து நிறம் இருக்கிறது. "இதென்ன, கிளிக்கூண்டு மாதிரி?" என்று கேட்ட மாமியார்தான் இப்போது தண்ணீர்ப் பானையை அதன்மேல் வைத்திருக்கிறார்.